முசியே ஹூலோவின் விடுமுறை: ஊமைப்படமா, பேசும்படமா?

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் 'முசியே ஹூலோவின் விடுமுறை' 1953 பிப்ரவரியில் வெளியானது. அன்று முதல் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் ஒன்றுபடுகிறார்கள்: ஏறக்குறைய வசனமே இல்லாத படம். வேடிக்கை என்னவென்றால், அதே படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது கதை, திரைக்கதைப் பிரிவில். பேச்சே இல்லை என்று பேர் வாங்கிய படத்துக்கு எழுத்துக்காகப் பரிந்துரை! தாத்தி, பேசும்படம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் சாப்ளின், கீட்டன் காலத்து ஊமைப்படத்தையே எடுத்துக்கொண்டிருந்த பழைமைக்காரரா? அல்லது ஒலியை மற்றவர்கள் நினைத்துப் பார்க்காத விதத்தில் கையாண்ட புதுமைக்காரரா? விமர்சகர்கள் இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். என் கட்சி இரண்டாவது. ஆனால் முதல் கட்சியிலும் நியாயம் உண்டு. அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு சிறிய கடற்கரை ஊர். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் அங்குள்ள விடுதியில் தங்குகிறார்கள். விடுமுறையிலும் தொலைபேசிக்கு ஓடும் வியாபாரி, பழைய போர்க்கதை பேசும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, புரட்சியைப் பற்றி ஓயாமல் விளக்கும் இளைஞன், டென்னிஸ் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் ஆங்கிலேயப் பெண்மணி, மனைவி முன்னால் போக, சில அடி பின்தங்கியே நடந்து வரும் ஒரு கணவர். இவர்களுக்கு நடுவே, 1920களின் மாடல் கார் ஒன்றில், வெடித்தும் இருமியும் ஹூலோ வந்து சேர்கிறார். நெட்டையான உடம்பு, முன்னே சாய்ந்த நடை, வாயில் பைப், காலுக்கு எட்டாத கால்சட்டை. தாத்தியே நடித்த பாத்திரம். எல்லோருக்கும் உதவ நினைக்கிறார், எல்லாம் குளறுபடியாகிறது. மார்த்தின் என்ற இளம்பெண்மீது அவருக்கு ஈடுபாடு இருப்பதுபோல் தெரிகிறது. அது எங்கும் போய்ச் சேர்வதில்லை. விடுமுறை முடிகிறது, எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். அவ்வளவுதான்.

முதல் கட்சியின் வாதத்துக்குத் தாத்தியின் பின்னணியே சாட்சி. 1907இல் பாரிசை அடுத்த லெ பெக்கில் பிறந்தவர். தந்தை வழியில் ரஷ்ய வம்சம், முழுப்பெயர் தாத்திஷெஃப். தாய்வழித் தாத்தாவின் படச்சட்டக் கடையில் தொழில் பழகியவர், ரக்பி ஆடியவர். ஆட்டம் முடிந்ததும் தோழர்களைச் சிரிக்கவைக்க விளையாட்டு வீரர்களின் அங்க அசைவுகளை நடித்துக் காட்டி, அதையே 1930களில் மேடை நிகழ்ச்சியாக்கிப் புகழ்பெற்றார். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே ஆளாகத் தெரிந்ததை வியந்து 1936இல் எழுத்தாளர் கொலெத் எழுதினார். பேசாமல் உடம்பால் சிரிக்கவைப்பது அவருக்குச் சினிமாவுக்கு முந்திய தொழில்.

படத்தின் டென்னிஸ் காட்சி அந்த மேடையிலிருந்து நேராக வந்ததுதான். மட்டை வாங்கப் போன கடையில், விற்கும் பெண்மணி பந்தடிக்கும் விதத்தைக் காட்டித் தருகிறார்: மட்டையை ஒரு முறை முன்னே நீட்டி, பின்னே இழுத்து, பளீரென்று ஓர் அடி. ஹூலோ அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோகிறார். டென்னிஸ் தெரிந்த யாராலும் அந்த அடியைத் திருப்பி ஆட முடியவில்லை. ஆங்கிலேயப் பெண்மணிக்குப் பரவசம். இந்த ஒரு காட்சியை ஒலியே இல்லாமல் ஓட்டினாலும் அரங்கு சிரிக்கும். படம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் வழக்கு முதல் கட்சிக்குச் சாதகமாக முடிந்திருக்கும்.

ஆனால் படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே வரும் ரயில் நிலையக் காட்சியின் ஒலியை நிறுத்திப் பாருங்கள். ஒலிபெருக்கி ஏதோ அறிவிக்கிறது. ஒரு சொல்லும் புரியாத கரகரப்பு. பெட்டி, வலை, குழந்தைகளோடு ஒரு கூட்டம் சுரங்கப் படியில் இறங்கி அடுத்த நடைமேடைக்கு ஓடுகிறது. ரயிலோ வேறு மேடையில் வந்து நிற்கிறது. மறுபடி கரகரப்பு, மறுபடி ஓட்டம். ஒலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காரணமில்லாமல் ஓடும் மனிதர்கள் மட்டுமே. சிரிப்பு ஒலிபெருக்கியில் இருக்கிறது. எந்த ஊர் ரயில் நிலையத்திலும் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்குப் பிரெஞ்சு தெரியவேண்டிய அவசியமில்லை; பிரெஞ்சுக்காரர்களுக்கே அது புரியவில்லை என்பதுதான் விஷயம்.

விடுதியின் சாப்பாட்டு அறைக்கு ஓர் ஊசல்கதவு உண்டு. பரிமாறுபவர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தடித்த தந்தியொன்றைச் சுண்டிவிட்டதுபோல் 'தொம்ங்' என்கிறது. படத்தில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அந்த ஒலி திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் அறைக்குள் யார் வந்தார்கள் என்பதைப் பார்க்காமலே நமக்குத் தெரிவிக்கும் அளவுக்குப் பழகிவிடுகிறது. கூடத்தில் மற்றவர்கள் சீட்டாடியும் படித்தும் அடங்கியிருக்க, பக்கத்து அறையிலிருந்து பிங்பாங் பந்தின் டொக்டொக். ஹூலோ அங்கே ஆடுகிறார். நாம் பார்ப்பது கூடத்தில் இருப்பவர்களின் முதுகுகளை. பந்தைத் தேடி வரும் ஹூலோ, சீட்டாடிக்கொண்டிருப்பவர் உட்கார்ந்திருக்கும் சுழல்நாற்காலியைத் தெரியாமல் திருப்பிவிட, அவர் தன் சீட்டை அடுத்த மேசையில் போடுகிறார். சண்டை மூளுகிறது. ஹூலோ பந்தோடு போய்விடுகிறார். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் படப்பிடிப்பில் பதிவானது அல்ல. தாத்தி ஒலியை முழுக்கப் பின்னால் சேர்த்தார். காட்சியை எட்ட நின்று, அகலமாக, நீளமான ஷாட்களில் எடுப்பார். க்ளோசப் அநேகமாகக் கிடையாது. ஒரே சட்டகத்தில் ஐந்தாறு பேர் ஐந்தாறு காரியம் செய்துகொண்டிருப்பார்கள். எதைப் பார்ப்பது என்று கேமரா சொல்லாது. அந்த வேலையை ஒலி செய்யும். தூரத்தில் நடப்பவரின் செருப்பொலி காதருகே கேட்கும், பக்கத்தில் பேசுபவரின் பேச்சு மங்கிப்போகும். கண்ணை இழுத்துக்கொண்டு போவது காது. இசையமைப்பாளரும் ஒலிக் கோட்பாட்டாளருமான மிஷெல் ஷியோன் தாத்தியைப் பற்றித் தனி நூலே எழுதியதற்கு (1987) இந்த இடம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

வசனம் இல்லை என்பதும் பாதி உண்மைதான். இந்தப் படத்தில் வாய் மூடியிருப்பவர்கள் குறைவு. ராணுவ அதிகாரி பேசுகிறார், புரட்சிக்கார இளைஞன் பேசுகிறான், வானொலி செய்தி வாசிக்கிறது, அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மொழிகள் கலந்து கிடக்கின்றன. பேசாதவர் ஹூலோ ஒருவர்தான். விடுதியில் பெயர் பதியும்போது, பைப்பைக் கவ்விய வாயோடு அவர் ஏதோ முனக, விடுதிக்காரரே பைப்பைப் பிடுங்கி எடுத்த பிறகுதான் 'ஹூலோ' என்ற பெயர் வெளியே வருகிறது. விமர்சகர் ஆந்த்ரே பாசன் 1953லேயே எழுதிய கட்டுரையில் இதைக் கச்சிதமாகப் பிடித்தார்: பேச்சு மங்கலாகக் கேட்பது இங்கே விஷயமில்லை, பல இடங்களில் அது தேவைக்கு மேல் தெளிவாகக் கேட்கிறது, அந்தத் தெளிவிலேயே அதன் பொருளின்மை அம்பலமாகிறது. மார்க்ஸ் சகோதரர்களுக்கும் டபிள்யூ.சி. ஃபீல்ட்சுக்கும் பிறகு உலக சினிமாவில் வந்த மிக முக்கியமான நகைச்சுவைப் படைப்பு என்று இதை முதலில் உயர்த்தி வைத்தவரும் அவர்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல ஒப்பீடு சிங்கீதம் சீனிவாச ராவின் 1987ஆம் ஆண்டுப் படம். தமிழில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்தது. அதில் யாருமே பேசுவதில்லை. ஆனால் அதன் ஆகச் சிறந்த வேடிக்கையும் காதுக்கானதுதான்: நட்சத்திர ஓட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராத கமல்ஹாசன், தன் பழைய குடியிருப்பின் இரைச்சலை டேப்பில் பதிந்துவந்து போட்டுக்கொண்டு தூங்குவார். வசனத்தை எடுத்துவிட்டால் சினிமா ஊமையாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

சாப்ளினோடு ஒப்பிடும் பழக்கத்துக்குத் தாத்தியே பதில் சொல்லியிருக்கிறார். 1958இல் 'கையே த்யு சினிமா' இதழுக்காகப் பாசனும் சக விமர்சகர் த்ரூஃபோவும் எடுத்த பேட்டியில் கல்லறைக் காட்சியை எடுத்துக்காட்டாக வைத்தார். காரில் ஏதோ கோளாறு; ஹூலோ பின்பக்கச் சாமான்களை வெளியே எடுத்துப் போடுகிறார். டயருக்குள் போடும் ட்யூப் ஒன்று ஈரச் சருகுகள்மேல் விழுகிறது. சருகு முழுக்க ஒட்டிக்கொள்கிறது. அடக்கத்துக்கு வந்தவர் அதை மலர்வளையம் என்று நினைத்து வாங்கிக்கொண்டுபோய் மாட்டுகிறார். அது காற்றுப் போய்ச் சுருங்குகிறது. ஹூலோ துக்க வீட்டார் வரிசையில் நின்று கைகுலுக்கல்களைப் பெற்றுக்கொள்கிறார். சாப்ளின் இதைச் செய்திருந்தால், மாட்டிக்கொண்ட இக்கட்டிலிருந்து தப்ப அவரே சாமர்த்தியமாகச் சருகை ஒட்டி வளையமாக்கி நீட்டியிருப்பார். பார்வையாளர் அவர் கெட்டிக்காரத்தனத்துக்குக் கைதட்டுவார்கள். ஹூலோ எதையும் கண்டுபிடிப்பதில்லை. நடப்பது நடக்கிறது, அவர் அங்கே இருக்கிறார். தாத்தி சொன்ன வேறுபாட்டின் சாரம் இதுதான்.

அது அடக்கமான கூற்றுபோல் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. நகைச்சுவை நட்சத்திரத்தின் சொத்தாக இல்லாமல், படத்தில் வரும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. பூதக்கண்ணாடியால் படுத்திருப்பவரைச் சுடும் சிறுவனுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீமை ஏந்திப் படியேறி, கதவைத் திறக்கக் கைப்பிடியைத் திருகும்போது நம்மைப் பதறவைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே போய்விடும் குழந்தைக்கும் பங்கு உண்டு. அந்தக் குழந்தைக் காட்சியில் எதுவுமே கவிழ்வதில்லை, கவிழாததே சிரிப்பு. வண்டியில் தொங்கும் இனிப்புப் பாகு தரையைத் தொடுவதற்குள் ஒவ்வொரு முறையும் மேலே தூக்கப்படுவதும் அதே ரகம். படகு ஒன்று பிடியவிழ்ந்து கடலுக்குள் வழுக்கிப் போகும்போது அதைச் செய்தது யார் என்பதையே படம் தெளிவாகக் காட்டுவதில்லை. ஹூலோ குற்றவாளிபோல் விறைத்து நின்று, துண்டால் முதுகு துடைப்பதாகப் பாவனை செய்கிறார். துண்டு சுற்றியிருப்பதோ அருகிலுள்ள கம்பத்தை. சாப்ளின் படத்தில் ஒரு நகைச்சுவையைத் தவறவிடுவது கடினம். இதில் முதல் தடவை பார்க்கும்போது பாதியாவது தப்பிவிடும்.

தப்பிவிடுவதற்கு இன்னொரு காரணம், படத்தில் எதுவும் நடக்காத நேரம் நிறைய இருக்கிறது. வெறும் கடல், மதியத் தூக்கம், சாலையில் ஒரு நாய். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. திரைப்பட ஆய்வாளர் கிறிஸ்டின் தாம்சன் நேர் எதிராக வாதிட்டார். கடற்கரைச் சலிப்பைப் பற்றிய அவர் கட்டுரை, படத்தின் வெற்று நேரங்களை அமைப்பின் ஒரு பகுதியாகவே படிக்கிறது. பாசன் கட்டுரையின் தலைப்பே ஹூலோவையும் காலத்தையும் சேர்த்துச் சொல்வது: விடுமுறைக் காலம் கடிகாரக் காலம் அல்ல, ஒரே காரியங்கள் திரும்பத் திரும்ப நிகழும் வட்டக் காலம் என்று அவர் கண்டார். இசையமைப்பாளர் அலைன் ரொமான்சின் ஒற்றை மெட்டு படம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவதும் அதற்குத் துணை. என் எண்ணம் இதில் இருவரையும்விடச் சற்றுக் கறாரானது. விடுதிவாசிகள் சலித்துப்போவது கடற்கரையில் வேலையில்லாததால் அல்ல. அவர்கள் நகரத்தின் மணியோசையையும் கூடவே கொண்டுவந்துவிட்டதால். சாப்பாட்டு மணி அடித்தால் கடலைவிட்டு எழுந்து வரிசையாக உள்ளே போகிறார்கள். வியாபாரி நீரில் நிற்கும்போதும் தொலைபேசி அழைக்கிறது. விடுமுறையை விடுமுறையாக நடத்தத் தெரிந்தவர்கள் குழந்தைகளும் ஹூலோவும் மட்டுமே. அதனால்தான் மற்றவர்களுக்கு அவர் தொல்லையாகத் தெரிகிறார்.

விடுமுறை அந்த நாட்டுக்கு எவ்வளவு புதியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936 ஜூனில் லெயோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. அதே கோடையில் அமைச்சரவையின் லெயோ லாக்ராஞ்சு 40 விழுக்காடு கட்டணச் சலுகையில் ரயில் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். வாழ்வில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தவர்கள் ஏராளம். நான்கு கோடைகூட முழுதாகக் கழியுமுன் போர் வந்தது. மூன்றாவது வாரம் 1956இல்தான் கிடைத்தது. ஆக, 1953இல் படத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை பரம்பரைப் பழக்கம் அல்ல, கற்றுக்கொண்டிருந்த ஒன்று. தாத்தியின் விடுதியில் தங்குபவர்கள் நடுத்தர வகுப்பினர், தொழிலாளர்கள் இல்லை என்பது உண்மை. அவர்களும் கற்றுக்கொண்டிருந்தவர்களே.

படம் எடுத்த இடமும் சாதாரண இடம் இல்லை. 1951இல் படப்பிடிப்பு தொடங்கிய சேன்-மார்க்-சுர்-மேர், சேன்-நாசேர் நகராட்சியைச் சேர்ந்தது. சேன்-நாசேரில் ஜெர்மானியர் நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டியிருந்தனர். நேசநாடுகளின் குண்டுவீச்சில் நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமானது. ஐரோப்பாவில் போர் முடிந்ததாக அறிவித்த மூன்றாம் நாள், 1945 மே 11இல்தான் அங்கிருந்த ஜெர்மன் படை சரணடைந்தது. படம் எடுத்தபோது பக்கத்து நகரம் இன்னும் கட்டுமானத்தில் இருந்தது. இதில் ஒரு துளியும் திரையில் இல்லை. ஆனால் ராணுவ அதிகாரியின் முடியாத போர்க்கதைகளையும், ஹூலோ தவறுதலாக வாணவேடிக்கைக் கொட்டகைக்குத் தீவைத்துவிட, நள்ளிரவில் வெடிச்சத்தத்தில் விடுதி முழுதும் விளக்கெரியும் அந்த நீண்ட காட்சியையும் அந்த மண்ணில் வைத்துப் பார்க்கும்போது, அந்தக் கலகலப்பில் வேறொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தாத்தி அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் சிக்கல்தான், ஏனென்றால் தாத்தி இதைக் கைவிடவே இல்லை. 1960களில் இசையை மறுபடி பதிந்து ஒலியை மாற்றிக் கலந்தார். 1958இன் 'என் மாமா' அவருக்கு ஆஸ்கரைத் தந்தது. 1967இன் 'ப்ளேடைம்' கடனில் மூழ்கடித்து, சொந்தப் படங்களின் உரிமையையே பறித்தது. அதிலிருந்து மீண்ட பின் 1978இல் எழுபது வயதில் சேன்-மார்க் கடற்கரைக்குத் திரும்பிப் போய்ப் புதிய ஷாட்கள் எடுத்தார். ஹூலோவின் சிறுபடகு நடுவில் உடைந்து மடிந்து, திறந்து மூடும் தாடைபோல் மிதக்க, கரையில் இருப்பவர்கள் சுறா என்று அலறி ஓடும் காட்சி அப்போது விரிவானது. சுறாப் படமான 'ஜாஸ்' மூன்று ஆண்டுக்கு முன்தான் வந்திருந்தது. இன்று மிகுதியும் புழங்குவதும், 2009இல் செப்பனிடப்பட்டதும் இந்த 1978 வடிவமே. சுறாக் காட்சி அரங்கைச் சிரிக்கவைக்கும், சந்தேகமில்லை. ஆயினும் படத்தில் இன்னொரு படத்தைச் சார்ந்து நிற்கும் ஒரே நகைச்சுவை அதுதான். கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து அலறுவதும் அங்கே ஒட்டவில்லை. 1953இன் வடிவம் சற்றுத் தொளதொளவென்று, நீளமாக இருக்கும். விடுமுறைப் படத்துக்கு அந்தத் தொளதொளப்பு பொருத்தம்.

வாரிசு என்று வந்தால் எல்லோர் வாயிலும் வருவது மிஸ்டர் பீன். ரோவன் அட்கின்சன் தாத்தியிடம் பட்ட கடனை மறைத்ததில்லை. 2007இல் பீனைப் பிரெஞ்சுக் கடற்கரைக்கு அனுப்பிய படத்தின் பெயரிலேயே விடுமுறை இருக்கிறது. இருந்தும் இரண்டு பேரும் ஒரே குடும்பம் இல்லை. பீன் சுயநலக்காரர், குழந்தைத்தனமான வன்மம் உடையவர். கேமரா அவர் முகத்தைவிட்டு அகலாது. ஹூலோ மரியாதைக்காரர். வானொலியில் ஒலிக்கும் குரலுக்கும் தொப்பியைத் தூக்கிவிடுவார் என்று தோன்றும். அவர் முகமே நமக்குச் சரியாக நினைவில் நிற்பதில்லை; நிற்பது முதுகும் நடையும். சேன்-மார்க்கில் 1999இல் வைத்த சிலையும் அப்படித்தான்: கைகளை இடுப்பில் ஊன்றி, கடலைப் பார்த்து நிற்கிறது.

ஆக என் தீர்ப்பு: உடம்பால் ஊமைப்படத்தின் வாரிசாகவும், காதால் பேசும்படம் அதுவரை பெறாத பிள்ளையாகவும் நிற்கும் படம் இது, இரண்டில் பெரியது இரண்டாவதே. பேச்சைப் படத்திலிருந்து விரட்டாமல், கதவொலி, பந்தொலி வரிசையில் அதையும் ஒன்றாக உட்காரவைத்ததுதான் தாத்தியின் சாதனை.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கைபேசியில் பார்க்காதீர்கள், சட்டகத்தின் ஓரத்தில் நடப்பது அதில் தெரியாது. சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், எதையும் இழக்கமாட்டீர்கள். நல்ல ஹெட்ஃபோன் அல்லது ஸ்பீக்கர் அவசியம். க்ரைட்டீரியன் வெளியிட்ட தாத்தி தொகுப்பில் 1953, 1978 இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. கிடைத்தால் பழையதை முதலில் பாருங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். உங்களுக்கு முன்பே அவர்கள் சிரிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, படத்தை மறுபடி ஒருமுறை போடுங்கள்.